கோட்டாறுக்கு இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குகிறவர்களுக்கு

வேன் பிடித்துத் திருப்பயணம் கூட்டிவரும் ஏற்பாட்டாளர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நாகர்கோவிலில் இருக்கும் கோட்டாறுக்காரன். சவேரியார் கோயில் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை உண்டு. நாற்பது வருடம் நான் பார்த்தேன், இப்போது மகன் பார்க்கிறான். முட்டிவலி வந்தபிறகு கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. நான் அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவன் இல்லை, வீட்டில் நாங்கள் கும்பிடுவது நாகராஜரையும் முத்தாரம்மனையும். ஆனால் டிசம்பர் 3 அன்று சவேரியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட்டது கிடையாது. அந்த ஒரு நாளுக்காக எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை இருக்கும். வண்டி எந்த ஊர், யார் ஏற்பாடு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பேச்சு. எல்லாரும் இறங்கினார்கள், கோயிலுக்குள் போனார்கள், வெளியே வந்து படம் எடுத்தார்கள். எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும் என் கடைக்கு வந்து ஒரு பாக்கெட் உப்பும் கொஞ்சம் நல்லமிளகும் கேட்டார். சவேரியாருக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம், எங்கள் கடையில் இதற்காகவே சின்னப் பொட்டலம் போட்டு வைத்திருப்போம். பேரன் கடலுக்குப் போகிறானாம், அவனுக்காக நேர்ந்தது. நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டே, "தம்பி, தேவசகாயம் பிள்ளை கல்லறை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "இப்ப உள்ளேருந்துதானே வாரிய? கோயிலுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

அந்த அம்மா முகம் மாறியதைச் சொல்ல எனக்கு எழுத்து வராது. அந்த நேரம் பார்த்து வேன்காரர் ஹாரன் அடித்தார். ஒரு தடவை அல்ல, விடாமல். சுசீந்திரம், கன்னியாகுமரி, சூரிய அஸ்தமனம் என்று அவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. அந்த அம்மா பொட்டலத்தை என் கையிலேயே திணித்து, "நீங்களே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அந்த வயதில் ஓடினார் ஐயா. வேன் நின்ற நேரம் மொத்தம் இருபத்தைந்து நிமிடம். கடையில் எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, பார்த்தேன்.

இதை எழுத வைத்தது அந்த ஓட்டம்தான். உங்கள் வண்டி அட்டவணை உங்கள் சிரமம் என்று எனக்குத் தெரியும். டீசல், டிரைவர் படி, மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்புவது, எல்லாம் இருக்கிறது. ஆனால் எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று எழுதும்போது, கோட்டாறு என்றால் என்ன என்று யாரோ ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை போலிருக்கிறது. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் பெயர். பஸ் போர்டில் கோட்டார் என்றிருக்கும். பழைய கல்வெட்டில் கோட்டாறு. சோழர்கள் பிடித்த காலத்தில் இதற்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. நாகர்கோவில் என்ற ஊர் பெரிதாவதற்கு எவ்வளவோ முன்னால் கோட்டாறு சந்தை இருந்தது. இன்றைக்கும் கம்போளத்துத் தெருக்களில் நடந்தால் கருப்பட்டி, புளி, வற்றல் வாசனை ஒன்றுமேல் ஒன்றாக வரும். பக்கத்தில் இடலாக்குடி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த இடம். ஒரே நேரத்தில் நூறு விஷயத்தைக் கவனித்துப் பதில் சொன்ன மனிதர். தர்கா, அம்மன் கோயில், சவேரியார் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில். வேனிலேயே உட்கார்ந்திருந்தால் இது ஒன்றும் தெரியாது, டிராபிக் மட்டும்தான் தெரியும்.

அப்புறம், பேராலயம் என்ற சொல். பெரிய கோயில் என்றாலே பேராலயம் என்று சொல்லிவிடுகிறோம். வேளாங்கண்ணியை அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் வேளாங்கண்ணி பசிலிக்கா, கத்தீட்ரல் அல்ல. அந்த மறைமாவட்டத்து ஆயரின் இருக்கை தஞ்சாவூரில் இருக்கிறது. ஆயர் உட்காரும் நாற்காலி எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கத்தீட்ரல். கிரேக்கத்தில் அந்த வார்த்தைக்கே நாற்காலி என்றுதான் பொருளாம். கோட்டாறு கோயிலுக்கு அந்த நாற்காலி வந்தது 1930இல், கொல்லம் மறைமாவட்டத்தைப் பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டத்தை உண்டாக்கியபோது. கொல்லம் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். அப்போது நாங்கள் எல்லாரும் திருவிதாங்கூர்க்காரர்கள். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்கள் இன்னும் மலையாளத்தில்தான் இருக்கின்றன, எனக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோயிலுக்கு அதற்கு முன்பே ஒரு தனி எல்லை கிடைத்துவிட்டது. மேற்குப் பக்கத்து ஊர்கள் குழித்துறை மறைமாவட்டமாகப் பிரிந்தது 2014இல். எல்லைக்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பும் சேர்ப்பும் பழகிப்போனது.

கட்டடத்தை மட்டும் பார்த்தால் உங்களில் சில பேருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஐந்நூறு வருடக் கோயில் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் பாசி பிடித்த கல்தூணைத் தேடுகிறார்கள். அது கிடைக்காது. சவேரியார் இங்கே நடமாடிய காலத்தில் இந்த இடத்தில் மாதாவுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது என்பது வழிவழிச் செய்தி. இப்போதைய கோயிலின் தொடக்கம் 1600 என்று ஆலயப் பதிவுகள் சொல்கின்றன. 1865இல் பெரிதாக்கினார்கள். 1955இல் மறுபடியும் நீட்டினார்கள், குகை மாதிரி கட்டிய லூர்து மாதா கெபியும் அப்போது வந்ததுதான். கூட்டம் வளர வளரச் சுவரைத் தள்ளித் தள்ளிக் கட்டிய கோயில் இது. பழைய வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆக ஆக ஒவ்வோர் அறையாகச் சேர்ப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கும்.

சவேரியார் கதை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள். வடக்கேயிருந்து வடுகர் என்ற தெலுங்குப் படை வந்தது, சிலுவையைத் தூக்கிக்கொண்டு தனியாக எதிரே போய் நின்றார், படை திரும்பி ஓடியது, அரசர் உன்னி கேரள வர்மா மகிழ்ந்து நிலம் கொடுத்தார், 'வலிய பாதிரியார்' என்று அழைத்தார். இதைத்தான் வேனில் மைக் பிடித்துச் சொல்வீர்கள். சொல்லுங்கள், ஊர் சொல்கிற கதை, அதில் தப்பில்லை. ஆனால் அதே 1544இல் அவர் தன் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் சவேரியார் வேறு மாதிரி. ஜூன் மாதம் வடுகர்கள் குமரிமுனைப் பக்கம் வந்து விழுந்தபோது அங்கேயிருந்த மீனவர்கள் உயிர் பிழைக்கக் கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. மணப்பாட்டிலிருந்த சவேரியார் இருபது தோணிகளைச் சேர்த்துக்கொண்டு உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்க்காற்று. தோணி போகவில்லை. நாள்கணக்கில் முயன்றும் முடியாமல் திரும்பினார், பிறகு கரைவழியாக நடந்தே போனார். படையை விரட்டியவரைவிட இந்தக் காற்றோடு மல்லுக்கட்டித் தோற்று, சரி நடப்போம் என்று கிளம்பிய மனிதர்தான் எனக்கு நெருக்கமாக இருக்கிறார். கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எதிர்க்காற்று என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் எனக்கு மேலும் நாலு விஷயம் சொல்லியிருப்பார்.

இன்னொன்று. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஆட்களை உட்காரவைத்து, மிகுந்த சிரமப்பட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை வைத்து ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்றும் சொல்கிறார். அந்த வருடக் கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல். உங்கள் வேனில் வருகிறவர்களில் பாதிப் பேரின் முன்னோர் அந்தக் கணக்கிலோ, அதற்கு முன்பே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் சேர்ந்த கணக்கிலோ இருப்பார்கள். 1552 டிசம்பர் 3 அன்று சீனாவுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இறந்துபோனார், சீனாவுக்குள் கால் வைக்காமலே. அந்தத் தேதிக்குத்தான் எங்களுக்கு இங்கே விடுமுறை.

ஆனால் சவேரியாரின் உடல் கோவாவில் இருக்கிறது. கோட்டாறு கோயிலுக்குள் இருப்பது இன்னொருவர். அவர்தான் அந்த அம்மா தேடி வந்தவர்.

1712இல் மார்த்தாண்டம் பக்கம் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் சிக்கிய டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், பின்னால் அதே ராஜாவுக்குப் படை பயிற்றுவித்தார், உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அந்தக் கோட்டை வேலையில் இரண்டு பேருக்கும் சிநேகம். நீலகண்டனுக்கு மாடு செத்து, பயிர் போய், வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம். எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் பைபிள் கதையை டிலனாய் அவருக்குச் சொன்னார். அங்கிருந்து தொடங்கியது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

1749இல் பிடித்தார்கள். குற்றச்சாட்டு ராஜத்துரோகம். மதத்துக்காகக் கொன்றார்களா, அரசியலா என்று எங்கள் ஊரில் டீக்கடையில் இன்றும் வாக்குவாதம் நடக்கும், நானும் கலந்துகொண்டிருக்கிறேன். திருச்சபை விசாரித்து, விசுவாசத்துக்காகத்தான் என்று முடிவு சொல்லிவிட்டது. எப்படி இருந்தாலும், நடந்ததை யாரும் மறுப்பதில்லை. எருமைமேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் மரத்தடியில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டார்கள். மூன்று வருடத்துக்குப் பக்கம் இப்படி. 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். மக்கள் தேடிப்போய், மிஞ்சியதைப் பொறுக்கி எடுத்துவந்து, கோட்டாறு கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். அரசாங்கம் தூக்கி எறிந்த ஒரு மனிதரின் எலும்பை அந்த ராஜாவின் நாட்டுக்குள்ளேயே, சந்தை கூடும் ஊரில் கொண்டுவந்து புதைக்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்களின் பெயர் எங்கேயும் இல்லை.

260 வருடம் கழித்து, 2012 டிசம்பர் 2 அன்று, நாகர்கோவிலிலேயே அவருக்கு அருளாளர் பட்டம், புனிதர் ஆவதற்கு முந்தின படி அது. 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாமல் குடும்பஸ்தராக இருந்து புனிதரான முதல் ஆள் அவர். அந்த அறிவிப்பில் பெயர் தேவசகாயம் மட்டும்தான், 'பிள்ளை' இல்லை. சாதிப் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டு, ரோம் எடுத்துவிட்டது. பழக்கத்தில் அந்த அம்மா 'பிள்ளை' சேர்த்துத்தான் கேட்டார், நானும் சில சமயம் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேனில் மைக் பிடிக்கிற நீங்கள் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. ஞானஸ்நானம் வாங்கிய வடக்கன்குளத்துக் கோயிலிலேயே பிற்காலத்தில் சாதி பார்த்துச் சனங்களைப் பிரித்து உட்காரவைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். இதையும் கூட்டிப்போகும்போது சொன்னால் நல்லது.

இப்போது உங்கள் வழித்தடம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

நெல்லைப் பக்கமிருந்து வருகிற வண்டிகள் காவல்கிணறு தாண்டுகின்றன. வடக்கன்குளம் அங்கேதான், கொஞ்சம் உள்ளே திரும்பினால் போதும். ஞானப்பூ அம்மாளின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. புருஷன் கோட்டாறில், பெண்சாதி வடக்கன்குளத்தில். அங்கிருந்து நாகர்கோவில் சாலையில் வந்தால் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளைப் படம் எடுக்க வண்டியை நிறுத்துகிறீர்களே, அதன் பக்கத்து மலைதான் காற்றாடிமலை. அவர் முழந்தாளிட்ட தடம் என்று மக்கள் காட்டும் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் மணியடிச்சான் பாறையும் இருக்கிறது, பிள்ளைகளைத் தட்டவிடுங்கள். ஞானஸ்நானம் பெற்ற இடம், உயிர் போன இடம் இரண்டையும் பார்த்துவிட்டுக் கோட்டாறுக்குள் நுழைந்தால், கல்லறை எங்கே என்று யாரும் கடைக்காரனைக் கேட்க வேண்டியிராது.

கேரளப் பக்கமிருந்து, பாறசாலை, களியக்காவிளை வழியாக வருகிறவர்களுக்கு வேறு வரிசை. முதலில் நட்டாலம், பிறந்த ஊர். அப்புறம் தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை. பக்கத்தில் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை, தாகத்தில் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்பார்கள், அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. எதிரே உதயகிரிக் கோட்டை. அதற்குள் டிலனாயின் கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள், இறந்த வருடம் 1777. சிறைப்பட்டு வந்தவர் முழு மரியாதையோடு கோட்டைக்குள் படுத்திருக்கிறார். அவரிடம் யோபு கதை கேட்டவரைச் சுட்டுப் போட்டார்கள். இதைக் கோட்டைக்குள் நின்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, நேரே கோட்டாறு வாருங்கள்.

எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கதை வந்து முடிகிற இடம் கோட்டாறாகத்தான் இருக்கும். சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் சொருகுகிற இடம் இல்லை இது. சூரிய அஸ்தமனத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், சூரியன் நாளைக்கும் மறையும்.

கோட்டாறுக்கு அரை நாள் கொடுங்கள். ஒரு மணி நேரம் சும்மா உட்காரவிடுங்கள், மைக் வேண்டாம், பாட்டு வேண்டாம். வயதானவர்களைக் கடைசியாக வண்டியில் ஏற்றுங்கள். அவர்கள்தான் மெதுவாக நடக்கிறவர்கள், அவர்களிடம்தான் நேர்ச்சையும் அதிகம். கழிப்பறை எங்கே என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அவசரம் குறைந்துவிடும், இதை நாற்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். திருவிழா பார்க்க ஆசை என்றால் நவம்பர் கடைசியில் கொடியேறும், பத்து நாள். கடைசி நாள்களில் தேர் வரும். தேருக்குப் பின்னால் தெருவில் விழுந்து கும்பிட்டும் உருண்டும் வருகிற சனங்களில் எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்க முடியாது. என் அம்மாவும் ஒரு வருடம் உருண்டிருக்கிறாள், எனக்கு டைபாய்டு வந்து பிழைத்த வருடம். ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் திருவிழாவைச் சொல்லமாட்டேன். நெரிசலில் கல்லறைப் பக்கம் போகவே முடியாது. ஒரு சாதாரண செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். பசித்தால் இங்கே ரசவடை கிடைக்கும், மட்டிப்பழம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு உதவி. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கோட்டாறில் வண்டியை நிறுத்திய ஏற்பாட்டாளர் இதை வாசித்தால், வெள்ளைச் சேலை கட்டி, கையில் நீலத் துணிப்பை வைத்திருந்த அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். உப்பையும் மிளகையும் அன்றைக்குச் சாயங்காலமே நான் போய்ப் போட்டுவிட்டேன், பேரன் பெயர் தெரியாததால் 'கடலுக்குப் போகிற பையன்' என்று மட்டும் சொன்னேன். அப்படியே கல்லறைக்கும் போய் அவர் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், அது என் கணக்கு. நூறு ரூபாயில் மீதி அறுபது ரூபாய் கல்லாப்பெட்டியில் தனியாக ஒரு கவரில் கிடக்கிறது. மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டாறு கோயில் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரன்